செவ்வாய்க்கிழமை வாங்கிய கிட்டார்

ஜூன் 12, வியாழன்

வெயில். கடல் காற்று மாலை ஆறு மணிக்கு மேல்தான். ப்ளாண்டில் இரண்டு பிரஷர் டிரான்ஸ்மிட்டர் காலிபிரேஷன் முடிந்தது. மூன்றாவது செத்துவிட்டது, ஸ்டோரில் மாற்று இல்லை. சனிக்கிழமையிலிருந்து ஷட்டவுன், ப்ளாண்டை நிறுத்தி மராமத்து. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஆறு நாள். லீவு என்று வாயைத் திறக்கக் கூடாதாம்.

சாயங்காலம் எங்கள் கச்சேரிக் குழுவை நடத்தும் காதர் பாய் வீட்டு மாடியில் ரிகர்சல். 29ஆம் தேதி சிதம்பரத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எழுபது, எண்பதுகளின் பாட்டு மட்டும்தான் வேண்டும். பாய் நாங்கள் வாசித்ததை ஒரு நிமிடம் கேட்டார். கீபோர்டிலிருந்து கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"என்னாங்கப்பா இது? ரெண்டு பேர் கிட்டாரும் பிளாஸ்டிக் பக்கெட்டத் தட்டுற மாதிரி கீது. அந்தக் காலத்து ரெக்கார்டுல கண்ணாடி டம்ளர்ல ஸ்பூன் பட்ட மாதிரி கேக்கும், அது வேணும். எவன் அந்த சவுண்டோட வர்றானோ, அன்னைக்கு லீடு அவன்தான்."

மாறன் சிரித்தான். நானும். ஆறு வருடமாக முன்னால் நின்று மெட்டு எடுக்கும் லீடு அவன், பின்னால் கார்டு போடும் ரிதம் நான். பாலிடெக்னிக் முதல் வருடத்திலிருந்து ஒரே பெஞ்ச், ஆக மொத்தம் பதினோரு வருடம். எங்களுக்குள் போட்டி என்று ஒன்று வந்ததே இல்லை.

எனக்கு அந்த சவுண்டு மார்ச் மாதத்திலிருந்தே வேண்டும். பாய் சொல்லி வந்த ஆசை இல்லை. தேடுவது:

– பழைய கிட்டார், சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) மூன்று
– ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் தனித்தனிக் காந்தக் குச்சி. அடியில் பட்டைக் காந்தம் ஒட்டிய மலிவுச் சரக்கு வேண்டாம்
– 6 கிலோ ஓமுக்குள்
– நிறம், மரம் எதுவானாலும் சரி

இதுவரை பார்த்தது: பாண்டிச்சேரியில் இரண்டு (இரண்டும் போலி), விழுப்புரத்தில் ஒன்று (கழுத்து வளைந்தது). இன்றைக்கு ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. சிதம்பரம், ஜெராக்ஸ் கடை. "பழைய ஜப்பான் கிட்டார், நல்ல ரன்னிங் கண்டிஷன்." மொபெட் விற்கிறார்கள் போல.

நாளை வார விடுமுறை. போகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

கிடைத்தது.

வரிசையாக எழுதுகிறேன். எட்டரை பஸ். புதுச்சத்திரம் தாண்டி நிற்க இடம் கிடைத்தது, உட்கார இல்லை. முதுகில் பேட்டரி ஆம்ப், பையில் மல்டிமீட்டர்.

கடை கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில். முன்னால் ஜெராக்ஸ், பின்னால் வீடு. நடத்துவது தேன்மொழி அக்கா, நாற்பத்தைந்து வயதிருக்கும், பேசும்போதே பேப்பர் எண்ணுகிறார்.

"எங்க அண்ணன் வாசிச்சதுப்பா. மலேசியா போயி இருவது வருஷத்துக்கு மேல ஆவுது. இப்ப போன்ல சொல்றாரு, பரண்ல கெடக்குறத யாருக்காவது தள்ளிவிடுன்னு. என்னைக் கேட்டா அத அன்னைக்கே குடுத்துருக்கணும். அத வச்சி கரண்டு பில்லா கட்ட முடியும்?"

பெட்டியைத் திறந்தேன். பிக்கப் மூடிகள் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும், இப்போது மோர்க்குழம்பு மஞ்சள். திருகாணிகளில் துரு. யாரும் திறந்ததில்லை. ஆம்பில் சொருகினேன். உர்ர்ர் என்று ஒரு உறுமல், ஜெராக்ஸ் மிஷின் ஓடும்போதெல்லாம் ஏறுகிறது. சிங்கிள் காயில் அப்படித்தான், பக்கத்தில் ஓடும் கரண்ட்டையெல்லாம் பிடிக்கும். கிட்டாரைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்தேன், அடங்கியது.

ஒரே ஒரு கார்டு.

அடித்த உடனே முன்னால் ஒரு டிங். பின்னால் குழி. நடுவில் சதையே கிடையாது, எலும்பும் தோலும். இதுதான். நாலு மாதமாக மண்டைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான்.

ஜெராக்ஸுக்கு நின்ற கல்லூரிப் பையன் சொன்னான்: "அண்ணா, மிஷின நிறுத்திட்டாங்க உங்களுக்காக. எனக்கு பதினோரு மணிக்கு வைவா."

ரீடிங், கேபிள் முனையில் எடுத்தது (கிலோ ஓம்):
முன் 5.6
நடு 5.7
பின் 5.9

முப்பது செகண்டு போனில் பதிவு. பேரம் பேசவில்லை. முழுப் பணமும் அங்கேயே போனில் போட்டுவிட்டேன். பெட்டியை மூடித் தூக்கினால் அக்கா கைப்பிடியில் கை வைக்கிறார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை தம்பி."

"ஆமா, அதுக்கு?"

"செவ்வா, வெள்ளி எங்க வூட்லேர்ந்து ஒரு ஊசி வெளிய போவாது."

"அக்கா, இப்பதான காசு வாங்குனீங்க!"

"காசு உள்ள வரலாம். பொருள்தான் வெளிய போவக் கூடாது. நாளைக்கு வாங்க, பொட்டு வச்சிக் குடுக்குறேன்."

"நாளைக்கு டியூட்டி. ஒரு வாரம் வர முடியாது."

"அப்ப யாரயாவது அனுப்புங்க. பேரு மட்டும் சொல்லிடுங்க, குடுத்துடுறேன்."

அரை மணி நேரம் வாதாடினேன். இது கடை, வீடு இல்லை என்றேன். பரண் வீட்டில்தான் இருக்கிறது என்றார். லாஜிக்கில் ஓட்டை இல்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மாறனுக்கு போன். டூவீலர் ஷோரூமில் சேல்ஸ் அவன்.

"நாளைக்கு நான் சிதம்பரம் பிராஞ்சுக்குப் போறேன் மச்சான். நானே எடுத்தாந்துடுறேன். நீ போயி உன் பாய்லரக் கட்டிக்கிட்டு அழு."

சந்தோஷத்தில் எல்லாவற்றையும் அவனுக்கு அனுப்பினேன். போட்டோ, ரீடிங், பதிவு. "மூணு தடவ கேட்டுட்டேன்டா" என்று பதில் வந்தது.

ஜூன் 14, சனி

ஷட்டவுன் முதல் நாள். சாரத்தில் ஏறி இறங்கி முட்டி போச்சு. சட்டையில் உப்பு.

2 மணிக்கு மாறன் மெசேஜ்: "கடை பூட்டிருக்கு மச்சான். திங்கள் பாக்குறேன்." வாங்க ஆள் போகிற நாளில்தானா பூட்டுவார்கள். அக்காவுக்கு போன் செய்ய நினைத்தேன். கண்ட்ரோல் ரூமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜூன் 16, திங்கள்

மீன்பிடித் தடை முடிந்து முதல் மீன். மாறன் அம்மா சங்கரா குழம்பு வைத்து மாறனிடம் கொடுத்துவிட்டார்கள். ப்ளாண்ட் கேட் வரை வந்து கேரியரைக் கொடுத்தான். என் அப்பா அம்மா பெண்ணாடத்தில், அப்பாவுக்கு சர்க்கரை ஆலையில் வேலை. மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒற்றை ரூம். ஞாயிற்றுக்கிழமைச் சோறு பதினோரு வருடமாகத் திருப்பாப்புலியூரில் மாறன் வீட்டில்தான்.

"கிட்டாரு?"

"இன்னைக்கு முடியல மச்சான், மேனேஜர் விடல. நாளைக்கு கன்ஃபார்ம்."

நண்டு மாதிரி பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு பேசினான். அவசரம் போல.

ஜூன் 17, செவ்வாய்

மாலை 6:10. மாறன்: "எடுத்தாச்சு." கீழே கிட்டார் படம்.

இன்றைக்கு எழுத வேறு எதுவும் இல்லை. தேவையும் இல்லை.

ஜூன் 18, புதன்

எட்டு மணிக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். மாறன் பெட்டியை வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். ஷோரூமில் ஆடிட்டாம்.

சொருகினேன். அடித்தேன்.

இல்லை.

கம்பி மாற்றினேன். கேபிள் மாற்றினேன். ஆம்பில் ட்ரெபிள் ஏற்றி இறக்கினேன். முன்னால் டிங் இல்லை. நடுவில் கொழகொழவென்று சதை. அன்று கேட்டது எலும்பு.

அன்றைக்குக் களைப்பில்லாமல் இருந்தேன், இன்றைக்குக் காதில் ப்ளாண்ட் சத்தம், அதனால் என்று நினைத்துக்கொள்கிறேன். ரூமும் வேறு. போன் பதிவோடு ஒப்பிட்டேன். போன் ஸ்பீக்கரில் எல்லாமே எலும்புதான், அது சாட்சி ஆகாது.

மீட்டர்:
முன் 6.9
நடு 7.0
பின் 7.2

மீட்டர் தப்பு. நாளைக்குச் சரிபார்க்க வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

மீட்டர் சரி. ப்ளாண்டில் ஸ்டாண்டர்டு ரெசிஸ்டன்ஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். 6000 வைத்தால் 6000 காட்டுகிறது. வெயிலில் செம்புக் கம்பி சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதையும் கணக்குப் போட்டேன். இவ்வளவு ஏற வேண்டும் என்றால் கிட்டாரை அடுப்பில் வைக்க வேண்டும்.

ரூமுக்கு வந்து பதினோரு திருகாணியையும் கழற்றினேன். பிக்கப் மூன்றும் பதிந்த முகப்புப் பலகையைப் புரட்டினால் அடியில் பட்டைக் காந்தம், மூன்றிலும். ஒயர் ஒட்டுகளில் பளபளவென்று புது ஈயம். மூடி மட்டும் அதே மோர்க்குழம்பு மஞ்சள். பழைய மூடியைக் கழற்றிப் புதுச் சரக்கின் மேல் மாட்டியிருக்கிறார்கள்.

மாறனுக்கு போன்.

"அடப்பாவி! அந்தக்கா மாத்திருக்கும்டா. நீ பணம் போட்டதும் யாராவது சொல்லிக் குடுத்துருப்பாங்க, உள்ள இருக்கறதுதான் வெலைன்னு. நான் அப்பவே நெனச்சேன், வெள்ளிக்கிழமை செவ்வாக்கிழமைன்னு கதை விடும்போதே."

சரியாக இருந்தது. அன்று பொருளைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதே இதற்குத்தான். பொட்டு வைத்துக் கொடுக்கிறாராம். வெச்சிட்டாங்க பொட்டு.

நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

கடையில் நாலைந்து பேர். நான் பெட்டியைக் கவுண்டரில் போட்டுத் திறந்து, கழற்றி வைத்த பலகையைக் காட்டி, சத்தமாகத்தான் கேட்டேன். "உள்ள இருந்தத எங்க வித்தீங்க?"

தேன்மொழி அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மிஷினை நிறுத்தினார்.

"தம்பி, நான் ஸ்க்ரூ டிரைவர கையால தொட்டதில்ல. பெட்டி எப்படி இருந்துச்சோ அப்படியே பொட்டு வச்சி உங்க ஆளு கையில குடுத்தேன்."

"வெள்ளிக்கெழம குடுத்துருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல. நாலு நாளு வச்சிக்கிட்டு செவ்வாக்கெழம குடுத்தீங்க. அந்த நாலு நாள்ல—"

"என்னைக்குக் குடுத்தேன்?"

"செவ்வாக்கெழம."

அக்கா என்னைப் பார்த்த பார்வை. கோபம்கூட இல்லை, முட்டாளைப் பார்க்கிற பார்வை.

"செவ்வாக்கெழம? நானு? ஏம்ப்பா, அன்னைக்கு அரை மணி நேரம் எங்கூட மல்லுக்கட்டுனியே, எதுக்கு? செவ்வா, வெள்ளி ஒரு ஊசி வெளிய போவாதுன்னு சொன்னனா இல்லியா?"

சொன்னார்.

"உன் ஆளு சனிக்கெழம காலைல பத்து மணிக்கே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. நீலச் சட்ட. மோரு குடுத்தேன், குடிச்சாரு. உங்க ஃப்ரெண்டு ஏமாந்துட்டாருக்கா, சும்மாவே குடுத்துருக்கலாம்னு சிரிச்சாரு."

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர்: "மொதல்ல அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேளுய்யா."

கேட்கவில்லை. பலகையைக்கூடத் திருகாமல் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு நடந்துவிட்டேன்.

சனி 10 மணி. "கடை பூட்டிருக்கு" மெசேஜ் 2 மணிக்கு. சங்கரா குழம்பு திங்கள். அப்போது கிட்டார் அவன் வீட்டில்.

ஜூன் 21, சனி

காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வியாழக்கிழமையும் இதே ஈயத்தைத்தான் பார்த்தேன். புது ஈயம் என்று மட்டும் தெரிந்தது. யார் வைத்தது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு முள். கொசுவின் மூக்கு மாதிரி மேலே கூர்மையாக. பாலிடெக்னிக் லேபில் இவனுக்கு சால்டரிங் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அயர்னை நேராக மேலே தூக்காதே, பக்கவாட்டில் இழு, இல்லையென்றால் முள் நிற்கும் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். கேட்டதே இல்லை. ஆறு ஒட்டு, ஆறு முள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். வருடத்துக்கு ஆயிரம் ஒட்டு பார்க்கிறவன் நான்.

சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கத்து டீக்கடை. கிரிக்கெட் பந்து இரண்டு தடவை காலடியில் வந்து விழுந்தது.

"என்னா மச்சான், மூஞ்சி இப்படி கீது?"

"செவ்வாக்கெழம எத்தன மணிக்கு எடுத்த?"

"ஒரு... நாலு, நாலரை."

"அந்தக்கா செவ்வாக்கெழம ஊசிகூட வெளிய குடுக்க மாட்டாங்க."

டீயை முழுசாகக் குடித்து முடித்தான். அந்த நேரத்தில் ஏதாவது யோசித்து ஒரு நல்ல பொய் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ.

"செரி. எடுத்தேன். இப்ப என்னாங்குற?"

"ஏன்டா?"

"கச்சேரி முடிஞ்சதும் திருப்பி மாத்திடலாம்னுதான். சத்தியமா. என் கிட்டார்லதான் கீது, பத்திரமா கீது."

"மூடிய மாத்திப் போட்டுருக்க. திருப்பி மாத்துறவன் மூடிய எதுக்கு மாத்துறான்?"

வேறு பக்கத்திலிருந்து வந்தான்.

"நீ மீட்டர வச்சித்தான கண்டுபுடிச்ச? காதால கண்டுபுடிச்சியா, சொல்லு. உனக்கு நம்பரு போதும்டா. எனக்கு அந்த சவுண்டு வேணும். ஆறு வருஷம் முன்னாடி நின்னுட்டு, நீ ஒரு பழைய கட்டைய வாங்கிட்டு வந்துட்டன்னு நான் பின்னாடி போயி ஜங்கு ஜங்குன்னு உனக்கு ரிதம் போடணுமா?"

"கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா குடுத்துருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். சொல்லவில்லை.

"முப்பதாம் தேதி மாத்திக் குடுத்துடுறேன். பாய்கிட்ட சொல்லணும்னா சொல்லிக்க. கச்சேரிக்கு எட்டு நாளு. லீடு இல்லாம அவுரு என்னா பண்ணுவாருன்னு பாரு."

இரண்டு டீக்கும் அவன்தான் கொடுத்தான். பழக்கம்.

காதில்தான் முதலில் பட்டது, புதன்கிழமையே. அதை அவனிடம் சொல்ல முடியவில்லை. காதை நம்பாமல் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். மீட்டரைச் சந்தேகப்பட்டேன், அக்காவைச் சந்தேகப்பட்டேன், வெயிலைக்கூடச் சந்தேகப்பட்டேன். இவனை மட்டும் விட்டுவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மாறன் வீட்டுக்குப் போகவில்லை. பரோட்டா. 

ஜூன் 25, புதன்

ரிகர்சல். போகாமல் இருக்க நினைத்துப் போனேன்.

மாறன் முதல் பாட்டுக்கு இன்ட்ரோ எடுத்தான். பாய் கீபோர்டை விட்டு எழுந்தே விட்டார்.

"மாறா! இதுதான்டா! எங்கடா புடிச்ச?"

"பிக்கப் மாத்துனேன் பாய்."

"அல்லாஹ்... நாப்பது வருஷம் பின்னாடி போயிட்டேன்."

நன்றாக இருந்தது. எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். என் கையில் இருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்குமா தெரியாது. அதற்காக அது அவனுடையது ஆகிவிடாது. 

பாய் என் பக்கம் திரும்பினார். "சதீசு, நீயும் தேடிட்டு இருந்தியே. ஒண்ணும் அமையலியா?"

மாறன் குனிந்து டியூன் பண்ணிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே டியூன் ஆகியிருந்த கம்பி.

"அமைஞ்சிது பாய். டூப்ளிகேட்."

"அடடா. பாத்து வாங்கக் கூடாதா? படிச்ச புள்ள."

டிரம்ஸ் தம்பி சிரித்தான். மாறனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஏன் நான் அங்கேயே சொல்லவில்லை? திருடினான் என்று சொன்னால் போதும். ஐந்து எழுத்துச் சொல். சொல்ல ஆரம்பித்தால் குரல் உடைந்துவிடும் என்று தெரிந்தது, நாலு பேர் முன்னால் அது வேண்டாம்.

ஜங்கு ஜங்கு. பத்துப் பாட்டு.

ஜூன் 26, வியாழன்

தேன்மொழி அக்காவுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"திருடின்னு சொல்ல நேர்ல வந்தீங்க. மன்னிப்புக்கு மட்டும் போனா?" வைத்துவிட்டார்.

நியாயம். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி அங்கேதான். கடைக்குப் போக வேண்டும்.

முப்பதாம் தேதி வரை காத்திருக்க முடியாது. பொறுமை எனக்கு எப்போதும் கிடையாது, இதில் மட்டும் எதற்கு.

ஜூன் 28, சனி

செய்துவிட்டேன்.

ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன். மாறன் பத்து மணிக்கு ஷோரூம் போய்விடுவான். பத்தரைக்குத் திருப்பாப்புலியூர். பையில் அயர்ன், ஈயம், ஸ்க்ரூ டிரைவர், மாறனுடைய மூன்று பிக்கப். வெள்ளிக்கிழமை இரவே அவற்றைக் கழற்றிவைத்தேன். அவன் பொருள் எனக்கு வேண்டாம்.

செருப்பை விட்டுவிட்டு நேராக உள்ளே.

"எங்கடா போயிட்ட ரெண்டு வாரமா?" மாறன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "எளச்சிப் போயிட்ட. உன் ரூம் பக்கத்து மாமா மெஸ்ல எண்ணெய் மாத்துறதே இல்லியாம், அங்க திங்காத."

"கிட்டார் எங்கம்மா?"

"பீரோ பக்கத்துல. ஏன்?"

"நாளைக்குக் கச்சேரிம்மா. ஒரு சின்ன வேல கீது, பாத்து வைக்கச் சொன்னான்."

அவ்வளவுதான் பொய். சுலபமாக வந்தது.

கூடத்தில் பாய் விரித்துக் கழற்றினேன். அம்மா உப்புமா கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கீரையைத் தொடர்ந்தார்கள்.

"அன்னைக்கும் இப்படித்தான்டா. ரெண்டு கிட்டாரையும் இதே பாய்ல பிரிச்சிப் போட்டு ஒக்காந்திருந்தான். சாப்புடக் கூப்புட்டாகூட வரல. சதீசுக்கு ரிப்பேர் பண்ணித் தர்றேம்மான்னான். இவனுக்கு எப்படா இதெல்லாம் தெரியும்னு நெனச்சேன்."

தலையை நிமிர்த்தவில்லை. ஆறு முள். உருக்கினேன், எடுத்தேன். என் மூன்றையும் பஞ்சில் சுற்றிப் பையில் போட்டேன். அவனுடைய மூன்றையும் ஒரு பாலிதீன் கவரில் போட்டு, பிரித்துக் கிடந்த கிட்டார் மேல் வைத்தேன். மாட்டித் தரவில்லை. அயர்ன் சூடாகத்தான் இருந்தது, இருபது நிமிட வேலை. செய்யவில்லை.

"முடிஞ்சிதா? தொறந்தே கெடக்குதே?"

"மீதிய அவனே பண்ணிக்குவான்மா."

"உப்புமா அப்படியே கீது?"

சாப்பிட்டேன். முழுசாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மாலை 4. மாட்டி முடித்தது.
முன் 5.6
நடு 5.7
பின் 5.9

ஆம்ப். உர்ர்ர். கார்டு. டிங், குழி, எலும்பு. எல்லாம் சரி. பத்து நிமிடம் வாசித்தேன். அப்புறம் வைத்துவிட்டேன்.

ஆறு மணியிலிருந்து மாறன். ஏழு மிஸ்டு கால். எடுக்கவில்லை. எட்டாவது வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் தூறல். மண் வாசம்கூட வராமல் நின்றுவிட்டது. சட்டை அயர்ன் போட்டாச்சு. கம்பி ஒரு செட் எக்ஸ்ட்ரா. கேபிள் இரண்டு.

பதினொன்றுக்கு காதர் பாய்: "மாறன் வரலயாம்ப்பா. காய்ச்சல்ங்குறான். கொரலக் கேட்டா காய்ச்சல் மாதிரி இல்ல. உங்களுக்குள்ள என்னாச்சு? செரி, அப்புறம் பேசிக்கலாம். நீ லீடு எடுத்துருவல்ல?"

"எடுத்துருவேன் பாய். சவுண்டு கீது எங்கிட்ட."

"மூணு மணிக்கு வண்டி."

லீடு நான்.

இரண்டரைக்கு மாறன் அம்மா போன். மாறன் நம்பராக இருந்தால் எடுத்திருக்க மாட்டேன். அம்மா நம்பர்.

"சதீசு."

"சொல்லுங்கம்மா."

"அவன் நேத்துலேர்ந்து ரூமத் தொறக்கல. கதவுக்கு இந்தப் பக்கமே ஒக்காந்து கேட்டுக் கேட்டு, இப்பதான் எல்லாத்தையும் சொன்னான். அவன் பண்ணுனது தப்பு. நான் அவனுக்குப் பரிஞ்சிப் பேச வரல."

"அம்மா—"

"இரு. நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே கழட்டி உன் கையில குடுத்துருப்பேன். அவன் குறுக்க வந்திருந்தா கன்னத்துல ஒண்ணு விட்டுட்டுக் குடுத்துருப்பேன். அவன் உனக்காகன்னு எங்கிட்ட சொன்னான். நீ அவனுக்காகன்னு எங்கிட்ட சொன்ன. ரெண்டு பேருக்கும் நான் ஒக்காந்து சோறு போட்டுக்கிட்டுருந்தேன்."

கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தேன்.

"அவன் பண்ணுனதுக்கு உங்கிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்குறேன் தம்பி."

தம்பி என்றார்கள். என்னை அவர்கள் அப்படிக் கூப்பிட்டதில்லை, எப்போதும் டா தான்.

"ஐயோ, நீங்க ஏம்மா..."

"இனிமே வர்றதா இருந்தா அவன் இருக்கும்போது வாங்க."

வைத்துவிட்டார்கள். வாங்க.

கீழே ஹார்ன். பாய் வண்டி. பெட்டியை எடுக்க வேண்டும்.